டிரெய்லர் மாட்டினால் மைலேஜ் ஏன் பாதியாகிறது? காற்றைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மே மாதம் வந்தால் போதும், டொரண்டோ பக்கம் நம் ஆட்களில் யாராவது ஒருவர் கேம்பிங் டிரெய்லர் வாங்கிவிடுகிறார். முதல் பயணம் போய் வந்ததும் எனக்குப் போன் வரும். கழிவறையில் தண்ணீர் கசிகிறது என்றோ படுக்கை சின்னது என்றோ அல்ல, "பெட்ரோல் இப்படிக் குடிக்குதே" என்றுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன். நான் இழுப்பது ஆறு சிலிண்டர் எஸ்யூவியில் 21 அடி டிரெய்லர். பொருளெல்லாம் ஏற்றிய பிறகு டிரெய்லர் மட்டும் 2,200 கிலோ. கீழே வரும் கணக்குகள் பெரும்பாலும் அந்த ஜோடியை வைத்துப் போட்ட தோராயக் கணக்குகள். உங்கள் வண்டிக்கு எண் மாறும், போக்கு மாறாது.

தனியாக ஓட்டும்போது லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் தந்த வண்டி, டிரெய்லர் மாட்டியதும் ஐந்துக்கு இறங்கிவிட்டது. வண்டியில் கோளாறா?

இல்லை. ஐந்து கிடைக்கிறது என்றால் நன்றாகவே ஓடுகிறது என்று அர்த்தம். நாலரை தருகிற வண்டிகள் நிறைய இருக்கின்றன. மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் காசைக் கொட்டாதீர்கள். (டிரெய்லரைக் கழற்றிய பிறகும் மைலேஜ் திரும்பவில்லை என்றால் அது வேறு கதை, முதலில் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள்.)

எடைதானே காரணம்? சாமான்களைக் குறைத்தால் சரியாகிவிடாதா?

இதைத்தான் எல்லோரும் முதலில் நினைக்கிறார்கள், நானும் நினைத்தேன். முதல் வருடம் இரும்புத் தோசைக்கல்லை வீட்டில் வைத்துவிட்டு, அலுமினியக் கல் வாங்கிக்கொண்டு போனேன். தோசை ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

சமதளத்தில் ஒரே வேகத்தில் போகும்போது வண்டியைப் பின்னுக்கு இழுப்பவை இரண்டு: டயர் உருளும்போது வருகிற தடை, அப்புறம் காற்று. எடை முதலாவதைத்தான் பாதிக்கும். காரும் டிரெய்லரும் சேர்ந்து 4,500 கிலோ என்றால் டயர் தடை சுமார் 440 நியூட்டன். இதே ஜோடி மணிக்கு 90 கிலோமீட்டரில் போகும்போது காற்றுத்தடை சுமார் 1,340 நியூட்டன், அதாவது மூன்று மடங்கு. 200 கிலோ சாமானை இறக்கினால் மொத்தத் தடையில் சுமார் ஒரு சதவீதம் குறையும், அவ்வளவுதான்.

மலை ஏறும்போதும், டவுனுக்குள் நின்று நின்று போகும்போதும் எடை நன்றாகவே தெரியும், அதை மறுக்கவில்லை. பாதுகாப்புக்கும் எடை முக்கியம். ஆனால் 401 மாதிரி நெடுஞ்சாலையில் மூன்று மணி நேரம் ஓட்டுகிறவருக்கு டேங்கைக் காலி செய்வது சாமான் இல்லை, அந்த டிரெய்லரின் முகம். எஸ்யூவியை நேர் முன்னால் நின்று பார்த்தால் கண்ணில் படுகிற பரப்பு மூன்று சதுர மீட்டருக்குள். டிரெய்லர் சேர்ந்தால் ஆறரை. ஒரு சின்ன வீட்டுச் சுவரைக் காற்றுக்குள் தள்ளிக்கொண்டு போகிறோம்.

ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய முடியும் என்றால் என்ன செய்வது?

வேகத்தைக் குறையுங்கள். இந்தப் பதிலைக் கேட்டதும் முகம் சுளிக்கிறவர்கள் உண்டு, ஏதாவது வாங்கி மாட்டுகிற பொருளைச் சொல்வேன் என்று எதிர்பார்த்து வருகிறார்கள்.

காற்றுத்தடை வேகத்தின் இருமடியாக ஏறுகிறது. வேகம் 90 இலிருந்து 110 ஆனால் வேகம் 22 சதவீதம்தான் கூடுகிறது, காற்றுத்தடையோ கிட்டத்தட்ட 50 சதவீதம் கூடுகிறது. இன்ஜின் தர வேண்டிய சக்தி இன்னும் மோசம், அது மும்மடியாக ஏறும். என் ஜோடிக்குக் கணக்குப் போட்டால் 105 இல் நூறு கிலோமீட்டருக்கு 22, 23 லிட்டர் குடிக்கிற வண்டி 90 இல் 18 லிட்டருக்குள் முடித்துக்கொள்ளும். நம் கணக்கில் சொன்னால் லிட்டருக்கு 4.4 என்பது 5.6 ஆகிறது. கேரேஜில் உட்கார்ந்து என்ன ஒட்டு வேலை செய்தாலும் இவ்வளவு சுலபமாக இது கிடைக்காது.

சரி, நேரம்? 300 கிலோமீட்டர் பயணத்தில் 105க்கும் 90க்கும் உள்ள வித்தியாசம் அரைமணி நேரம். அந்த அரைமணிக்குக் கிட்டத்தட்ட 15 லிட்டர் பெட்ரோல் மிச்சம். லிட்டர் ஒன்றரை டாலர் என்று வைத்தால் 22 டாலர், போகும்போது மட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டிரெய்லர் டயர்களில் ஓரத்தில் 'எஸ்டி' என்று போட்டிருக்கும். வேக எழுத்து எதுவும் இல்லாத பழைய வகை எஸ்டி டயர்களுக்கு உச்ச வேகமே 105 கிலோமீட்டர்தான், அதாவது 65 மைல். ஒன்டாரியோவில் இப்போது சில நெடுஞ்சாலைப் பகுதிகளில் 110 வரை போகலாம் என்று பலகை வைத்திருக்கிறார்கள். பலகை உங்கள் டயரைப் பார்த்து வைத்ததில்லை.

ஒரே வழி, ஒரே வேகம். போகும்போது ஒரு மைலேஜ், வரும்போது இன்னொன்று. ஏன்?

எதிர்காற்று. வண்டி எவ்வளவு வேகத்தில் போகிறது என்பது காற்றுக்குத் தெரியாது, தன்னை எவ்வளவு வேகத்தில் மோதுகிறது என்பதுதான் அதற்குக் கணக்கு. ஸ்பீடோமீட்டர் 90 காட்டும்போது எதிர்காற்று 25 இருந்தால், வண்டி 115 இல் போகிற மாதிரிதான் தடை. அந்தப் பகுதி முழுக்கப் பெட்ரோல் ஒன்றரை மடங்கு போகும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், முப்பந்தல் பக்கம் காற்றாலைகளுக்கு நடுவே ஆடி மாதம் எதிர்காற்றில் பைக் ஓட்டியவருக்கு இதை விளக்கவே வேண்டாம், தானாகவே டேங்க் மேல் குனிந்துவிடுவார். டிரெய்லரால் குனிய முடியாது.

குளிர்ந்த காற்று அடர்த்தியானது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பூஜ்ஜியம் டிகிரிக் காற்று 30 டிகிரிக் காற்றைவிடப் பத்து சதவீதம் கனமானது. அக்டோபரில் போகிற பயணம் ஜூலைப் பயணத்தைவிட அதிகம் குடிப்பதில் ஆச்சரியம் இல்லை.

டிரெய்லரின் முன்பக்கம் வளைவாக இருந்தால் உண்மையிலேயே வித்தியாசம் தெரியுமா, இல்லை பார்க்க அழகு மட்டும்தானா?

தெரியும். இதற்கு ஒரு நல்ல கதை இருக்கிறது. 1970களில் கலிபோர்னியாவின் மொஹாவே பாலைவனத்தில், நாசாவின் விமான ஆய்வு மையத்தில் எட்வின் சால்ட்ஸ்மேன் என்று ஒரு பொறியாளர் இருந்தார். சைக்கிளில் வேலைக்குப் போகும் வழியில் பெரிய லாரிகள் கடக்கும்போது காற்று தன்னைத் தள்ளுவதும் இழுப்பதும் அவர் மனதில் நின்றது. விமானத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறோமே, லாரியை ஏன் இப்படியே விட்டுவைத்திருக்கிறோம் என்று யோசித்தார். ஒரு பழைய ஃபோர்டு வேனை எடுத்து, சுற்றிலும் அலுமினியத் தகடு அடித்து, செருப்புப் பெட்டி மாதிரி கூர் மூலைகளோடு ஆக்கினார்கள். அதற்குப் பெயரே 'ஷூபாக்ஸ்'. அப்புறம் ஒவ்வொரு மூலையாக வளைத்து வளைத்து ஓட்டிப் பார்த்தார்கள்.

நிமிர்ந்து நிற்கும் மூலைகளை வளைத்ததற்கே காற்றுத்தடை 40 சதவீதம் குறைந்தது. மேல், கீழ் விளிம்புகளையும் சேர்த்து வளைத்தபோது 54 சதவீதம். உள்ளே இழந்த இடமோ மூன்று சதவீதம்தான். இன்று நெடுஞ்சாலையில் ஓடுகிற எந்த லாரித் தலையைப் பார்த்தாலும் மூலைகள் மழுங்கியிருப்பதற்குப் பின்னால் இப்படிப்பட்ட வேலைகள்தான் இருக்கின்றன.

இதில் நமக்கு முக்கியமான விஷயம், ஊசி முனை தேவையில்லை. வேகமாகப் போகிற பொருள் என்றாலே ராக்கெட் மாதிரி கூராக இருக்க வேண்டும் என்று ஒரு எண்ணம். நெடுஞ்சாலை வேகத்துக்கு அது வேண்டாம், மூலையைத் தாராளமாக உருட்டினால் போதும், காற்று பிய்த்துக்கொள்ளாமல் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு போகும். அதனால்தான் முகம் தட்டையாக, மூலை நல்ல வளைவாக உள்ள டிரெய்லர், முன்பக்கம் கூராகவும் பக்கவாட்டு விளிம்பு கத்தி மாதிரியும் உள்ள டிரெய்லரை ஜெயித்துவிடுகிறது. சரக்கு டிரெய்லர்களில் 'வி' மூக்கு என்று விற்பதற்கு விலை கூடச் சொல்வார்கள். உள்ளே கொஞ்சம் இடம் கூடுகிறது என்பதற்காக வாங்குங்கள், மைலேஜுக்காக மட்டும் என்றால் யோசியுங்கள். அந்த மூக்கில் பாதி ஏற்கெனவே காரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துதான் நிற்கிறது.

முன்பக்கத்தை விடுங்கள், பின்பக்கத்தால் என்ன ஆகப்போகிறது?

நிறைய. பலருக்கு இது நம்பக் கஷ்டமாக இருக்கிறது, ஏனென்றால் காற்று முன்னால்தானே மோதுகிறது. ஆனால் வண்டி கடந்து போன இடத்தில் உருவாகிற குழியைக் காற்று உடனே வந்து நிரப்ப முடியாமல் சுழன்று சுழன்று கிடக்கும், அங்கே அழுத்தம் குறைவு. முன்னால் அதிக அழுத்தம் தள்ளுகிறது, பின்னால் குறைந்த அழுத்தம் உறிஞ்சுகிறது. டிரெய்லரின் பின் கண்ணாடி எப்போதும் புழுதி படிந்து கிடப்பதைக் கவனியுங்கள், அந்தச் சுழல் வாரிப் பூசியதுதான் அது.

இதற்கு மருந்து, பின்பக்கத்தை மெல்ல ஒடுக்குவது. மீனின் வால், முட்டையின் சின்ன முனை மாதிரி. பத்துப் பதினைந்து டிகிரிக்குள் ஒடுக்கினால் காற்று கூடவே வளைந்து வரும், அதற்கு மேல் வெட்டினால் பிய்த்துக்கொண்டு போய்விடும். அமெரிக்க லாரிகள் சிலவற்றின் பின்கதவில் நாலு அடி நீளத்துக்கு மடிப்புப் பலகைகள் விரிந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், அது இந்த வேலைக்குத்தான்.

வீட்டில் செய்யலாமா என்றால், செய்தவர்கள் இருக்கிறார்கள், நான் செய்யவில்லை. பின் விளக்கு, நம்பர் பிளேட் மறையக் கூடாது, நீளம் சட்ட வரம்பைத் தாண்டக் கூடாது, கழன்று பின்னால் வருகிறவர் கண்ணாடியில் விழக் கூடாது. இந்த மூன்றாவதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது.

காருக்கும் டிரெய்லருக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் குறைக்கலாமா?

காற்றுக்கு நல்லது, மற்றதற்கெல்லாம் ஆபத்து. லாரிக்காரர்கள் தலைக்கும் பெட்டிக்கும் நடுவே உள்ள இடைவெளியை மூட எவ்வளவு பாடுபடுகிறார்கள் என்று 401 இல் பாருங்கள், கூரையில் ஒரு வளைவு, இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி நீட்டிய தகடுகள். பக்கக்காற்று அடிக்கும்போது அந்தச் சந்துக்குள் காற்று பூந்து பெட்டியின் முகத்தில் மோதுகிறது, அதைத் தடுக்கத்தான்.

நம் விஷயத்தில் அந்த இடைவெளி திரும்புவதற்கு வேண்டும். ரிவர்ஸில் கொஞ்சம் அதிகமாக மடக்கினால் டிரெய்லரின் மூலை காரின் பின் விளக்கை முத்தமிடும். அதோடு, ஹிட்சோடு, அதாவது காரின் கொக்கியோடு, இணைக்கிற டிரெய்லர் முன்கம்பியின் நீளம் குறைந்தால் டிரெய்லர் ஆட்டமும் கூடலாம். ஆகவே இரும்பை வெட்டி ஒட்டுகிற வேலைக்குப் போகாதீர்கள். காரின் பின்னால் நீட்டி நிற்கிற, டிரெய்லரை மாட்டுகிற துண்டு (பால் மவுண்ட்) தேவைக்கு மேல் நீளமாகப் போட்டிருந்தால் மட்டும் சரியான நீளத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கூரை மேல் மாட்டுகிற டிஃப்ளெக்டர், அந்தச் சாய்வுப் பலகை, வாங்கலாமா?

அடிக்கடி வருகிற கேள்வி, நான் காசு விட்ட இடமும் இதுதான். கடைக்காரர் ஒருவர் இருபது சதவீதம் மிச்சம் என்று சத்தியம் செய்தார். மாட்டி இரண்டு கோடை ஓட்டினேன். அளந்து பார்த்ததில், பம்ப் கிளிக் ஆகிற இடத்தில் வருகிற வித்தியாசத்துக்குள்ளேயே எல்லாம் அடங்கிவிட்டது.

ஆனால் அது யாருக்குமே வேலை செய்யாது என்று சொல்ல மாட்டேன். டிரெய்லர் முகம் தட்டையாக, மூலை கூராக, காரைவிட நன்றாக உயர்ந்து நின்றால், பலகை சரியான கோணத்தில் இருந்தால், காற்றைக் கூரைக்கு மேல் தூக்கிவிடும், பலன் இருக்கும். என் டிரெய்லர் முகம் ஏற்கெனவே வளைந்தது, காற்று தானே வழிந்து போய்க்கொண்டிருந்தது, நான் குறுக்கே ஒரு பலகையை நட்டேன். கோணம் தவறினாலும் இதே கதி. டிரெய்லர் இல்லாத நாளில் அதைக் கழற்ற மறந்தால் தினமும் அலுவலகம் போய்வரும்போதும் பெட்ரோல் தின்னும், அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

பிக்கப்பில் இழுக்கிறேன். டெயில்கேட்டை, அந்தப் பின்கதவை, இறக்கி விட்டால் காற்று போய்விடும் அல்லவா?

வேண்டாம். டெயில்கேட் மூடியிருக்கும்போது பின் தொட்டிக்குள் ஒரு காற்றுச் சுழல் தங்கி, மேலே வருகிற காற்றுக்கு அதுவே மெத்தை மாதிரி ஆகிவிடுகிறது. இறக்கினால் அது கலையும். எப்படியும் டிரெய்லரோடு போகும்போது இறக்கி வைத்தால் ஹிட்ச் ஜாக் இடித்துப் பள்ளம் விழும்.

தொட்டி மேல் உயரமான கேனோபி போடுவது வேறு விஷயம். கேபினின் உயரம் அப்படியே பின்னால் நீண்டு டிரெய்லர் முகம் வரை போவதால், காற்று நடுவே இறங்கி டிரெய்லரின் நெஞ்சில் மோதுவது குறைகிறது. பொருளும் நனையாது. ஏற்கெனவே வாங்குகிற எண்ணம் இருந்தால் இதை ஒரு கூடுதல் காரணமாக வைத்துக்கொள்ளுங்கள்.

சைக்கிள்களை எங்கே கட்டுவது?

கார் கூரையில் வேண்டாம். டிரெய்லருக்குப் பின்னால் மாட்டினால் சுழலுக்குள் ஒளிந்துகொள்ளும், காற்றுக்கு நல்லது, ஆனால் பின் ஓரத்தில் எடை தொங்கினால் டிரெய்லர் நாய் வால் மாதிரி ஆட ஆரம்பிக்கும். முன்பக்க ஹிட்ச் மேல் விழுகிற எடை மொத்த டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும், பின்னால் ஏற்ற ஏற்ற அது குறையும். நாங்கள் டிரெய்லருக்குள்ளேயே, அச்சுக்கு மேலே, பழைய போர்வை விரித்துப் படுக்கப்போடுகிறோம். மனைவிக்குப் பிடிக்கவில்லை. காற்றுக்குப் பிடித்திருக்கிறது.

அடிப்பக்கத்தை மூடினால்?

குனிந்து பாருங்கள், டிரெய்லருக்கு அடியில் அச்சு, குழாய், தண்ணீர்த் தொட்டி, கம்பி எல்லாம் தொங்கிக்கொண்டிருக்கும், காற்று ஒவ்வொன்றிலும் இடறி விழுந்து போகிறது. தட்டையாக மூடினால் பலன் உண்டு. தேர்தல் சமயத்தில் வீட்டு முற்றத்தில் நடுவார்களே, அந்த நெளி பிளாஸ்டிக் அட்டை, அதை வைத்து மூடுகிறவர்கள் இருக்கிறார்கள், எடையும் இல்லை, விலையும் இல்லை. பிரேக் அருகே மட்டும் காற்றோட்டம் விடுங்கள், பழுது பார்க்கக் கழற்றுகிற மாதிரி திருகுங்கள்.

பெரிய லாரிப் பெட்டிகளின் பக்கவாட்டில் சக்கரங்களுக்கு நடுவே தொங்குகிற தகடுகளும் இதே தத்துவம்தான், நெடுஞ்சாலை வேகத்தில் நாலைந்து சதவீத எரிபொருள் மிச்சமாகும். கலிபோர்னியா 53 அடிப் பெட்டி டிரெய்லர்களுக்கு 2010 முதல் படிப்படியாக இப்படிப்பட்ட அமைப்புகளைக் கட்டாயமாக்கியது. அதற்குப் பிறகுதான் கண்டம் முழுக்க அவை பரவின. லாரிக்காரருக்கு நாலு சதவீதம் என்பது வருடத்துக்குப் பல ஆயிரம் டாலர். கோடையில் ஆறு தடவை போகிற நமக்கு அது ஒரு டேங்க். உங்கள் சனிக்கிழமையின் மதிப்பு என்ன என்று நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னும் வாங்கவில்லை. எந்த மாதிரி டிரெய்லர் காற்றுக்கு நல்லது?

வாங்குவதற்கு முன்பே கேட்டீர்களே, நூறில் ஒருவர் நீங்கள். வாங்கிய பிறகு செய்கிற எல்லாமே ஒட்டுப்போடுகிற வேலை, உண்மையான மிச்சம் தேர்வில்தான் இருக்கிறது.

முதலில் உயரம். கூடாரம் மாதிரி விரிகிற பாப்-அப் டிரெய்லர் மடித்தபின் எஸ்யூவியின் முதுகுக்குப் பின்னாலேயே ஒளிந்துவிடும், இழுப்பதே தெரியாது. மழையில் நனைந்த துணியை வீட்டில் காயவைக்கிற பொறுமை இருந்தால் இதைவிடச் சிக்கனம் இல்லை.

அடுத்து முட்டை வடிவ ஃபைபர்கிளாஸ் டிரெய்லர்கள். 1968 இல் வினிபெக்கில் ஆரம்பித்த போலர் என்பதுதான் இங்கே புகழ்பெற்றது, 13 அடி, வெறும் 450 கிலோ அளவு. அச்சில் வார்த்த இரண்டு ஓடுகளை ஒட்டிச் செய்வதால் மூலையே கிடையாது, எல்லாப் பக்கமும் உருண்டைதான், கூரை ஒழுகுவதும் குறைவு. கம்பெனி எப்போதோ போய்விட்டது, பழைய போலரை இன்னும் தேடித் தேடி வாங்குகிறார்கள். அமெரிக்காவில் ஸ்கேம்ப், கசீட்டா இதே வகை.

வெள்ளி நிறத்தில் பளபளக்கிற ஏர்ஸ்ட்ரீமைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். அந்த வடிவம் விமானத்திலிருந்தே வந்தது. லிண்ட்பெர்க் அட்லாண்டிக்கைத் தனியாகக் கடந்த விமானத்தைக் கட்டிய வேலையை மேற்பார்த்த ஹாலி போலஸ்தான், 1934 இல் அலுமினியத் தகடுகளை ஆணியடித்து 'ரோடு சீஃப்' என்ற டிரெய்லரைச் செய்தவர். ஏர்ஸ்ட்ரீமின் வாலி பையம் 1936 இல் கொண்டுவந்த கிளிப்பர் அந்த வழியில் வந்ததுதான். தொண்ணூறு வருடம் முன்பே இதைத் தெரிந்து வைத்திருந்தார்கள், அப்படியும் இன்று விற்பனை மைதானத்தில் நிற்பவை பெரும்பாலும் செங்கல் வடிவம். காரணம் எளிது, செங்கல்லுக்குள் அலமாரி நன்றாகப் பொருந்தும், தகடு வளைக்கச் செலவில்லை, பெட்ரோல் செலவு கம்பெனிக்கு இல்லை. ஏர்ஸ்ட்ரீமின் விலைக்கும் மிச்சமாகிற பெட்ரோலுக்கும் கணக்குப் போடாதீர்கள், போட்டால் வாங்க மாட்டீர்கள்.

கார் கையேட்டில் எடை வரம்புக்குப் பக்கத்தில் 'முன்பரப்பு' என்று இன்னொரு வரம்பு இருக்கிறதே?

எடை உள்ளே இருக்கிறது, பரவாயில்லை என்று பலர் தாண்டிப் போகிற வரி அது. காற்றை எதிர்க்கிற பரப்பு இவ்வளவுக்கு மேல் போனால் இன்ஜினும் கியர்பாக்ஸும் சூடேறும் என்றுதான் போட்டிருக்கிறார்கள். எடை குறைவான, ஆனால் உயரமான டிரெய்லர் இந்த வரம்பைச் சுலபமாக மீறிவிடும். அகலத்தையும் உயரத்தையும் பெருக்கிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

திறந்த டிரெய்லரில் சாமான் ஏற்றினால்?

தாழ்வாக, முன்பக்கமாக, காரின் உயரத்துக்குள் அடக்குங்கள். தார்ப்பாய் போட்டால் இழுத்துக் கட்டுங்கள். நம் ஊர் லாரி கிளீனர்கள் கயிற்றை முறுக்கி முறுக்கிக் கட்டுவது சரக்கு நனையாமல் இருக்க மட்டுமில்லை. படபடக்கிற ஒவ்வொரு மடிப்பும் பெட்ரோலில்தான் படபடக்கிறது.

லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போனால் காற்றே இருக்காதாமே?

உண்மைதான், பலன் தெரிகிற அளவுக்கு ஒட்டினால் லாரி பிரேக் போடுகிற நேரத்தில் நீங்கள் அதற்குள் இருப்பீர்கள். இரண்டு டன்னைப் பின்னால் வைத்துக்கொண்டு இந்த விளையாட்டு வேண்டாம்.

எலெக்ட்ரிக் வண்டியில் இழுக்கலாமா?

இழுக்கும், இன்ஜின் வண்டியைவிட நன்றாகவே இழுக்கும். தூரம்தான் பாதியாகும், உயரமான டிரெய்லர் என்றால் பாதிக்கும் கீழே. பேட்டரி வீணாகிறது என்று அர்த்தமில்லை. பெட்ரோல் இன்ஜின் எரிப்பதில் பெரும்பகுதியை எப்போதும் வெப்பமாகக் கொட்டிக்கொண்டேதான் இருக்கிறது, அதனால் டிரெய்லரின் செலவு அந்தக் கூட்டத்தில் கொஞ்சம் மறைந்துவிடுகிறது. மோட்டார் கறாரான கணக்குப்பிள்ளை, காற்று கேட்ட ஒவ்வொரு யூனிட்டும் திரையில் தெரியும். என் டிரெய்லரை 90 இல் இழுக்க நூறு கிலோமீட்டருக்கு 55 யூனிட் பக்கம் ஆகும் என்று கணக்குச் சொல்கிறது, தனியாக ஓடும்போது 20, 25 யூனிட்தான். வளைந்த மூலையும் குறைந்த வேகமும் இவர்களுக்குத்தான் அதிகம் தேவை, ஏனென்றால் இங்கே பேச்சு பணத்தைப் பற்றியல்ல, அடுத்த சார்ஜர் வரை போய்ச் சேருவதைப் பற்றி.

செய்த மாற்றம் வேலை செய்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இங்கேதான் எல்லோரும் தங்களைத் தாங்களே ஏமாற்றிக்கொள்கிறார்கள். ஒரு பலகையை மாட்டிவிட்டு அடுத்த வாரம் போய்வந்து "நல்ல மாற்றம் தெரியுது" என்பார்கள். காற்று பின்னாலிருந்து வீசியிருக்கும்.

காற்றில்லாத நாளில், ஒரே வழியில், போகவும் வரவும் இரண்டு பக்கமும் ஓட்டிச் சராசரி எடுங்கள். ஒரே பங்க், ஒரே பம்ப், முதல் கிளிக்கோடு நிறுத்துங்கள். வேகத்தை க்ரூஸ் கன்ட்ரோலில் பூட்டி வையுங்கள். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும். டயர் காற்றைத் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்குக் குளிர்ந்த நிலையில் நிரப்பிவிட்டுத் தொடங்குங்கள், இல்லாவிட்டால் எதை அளந்தீர்கள் என்றே தெரியாது.

காற்று எங்கே போகிறது என்று கண்ணால் பார்க்க ஒரு செலவில்லாத வழி: கம்பளி நூலை விரல் நீளத்துக்கு வெட்டி, டிரெய்லரின் முகத்திலும் மூலையிலும் பக்கத்திலும் டேப் போட்டு ஒட்டி, இன்னொரு வண்டியிலிருந்து யாரையாவது வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். நூல் பின்னோக்கிப் படுத்திருந்தால் காற்று ஒட்டிப் போகிறது, பைத்தியம் பிடித்த மாதிரி சுற்றினால் அங்கே பிய்த்துக்கொள்கிறது. அதைவிடச் சோம்பேறித்தனமான வழி ஒன்று உண்டு. ஜூன் மாதம் வடக்கே போய்வந்த பிறகு டிரெய்லர் முகத்தில் செத்துக் கிடக்கிற பூச்சிகளைப் பாருங்கள். எங்கே அடர்ந்து ஒட்டியிருக்கிறதோ அங்கேதான் காற்று நேராக மோதுகிறது. எனக்கு மேல் மூன்றில் ஒரு பங்கில், கார் கூரைக்கு மேலே தெரிகிற பட்டையில் மட்டும்தான் பூச்சி. கீழ்ப்பாதி கழுவவே வேண்டியதில்லை.

மெதுவாகப் போனால் பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள், பிள்ளைகளும் எப்போது போய்ச் சேருவோம் என்று நச்சரிக்கிறார்கள். என்ன செய்வது?

வலது லேனில் இருங்கள், இருவழிப் பாதையில் பின்னால் வரிசை சேர்ந்தால் ஒதுங்கி வழிவிடுங்கள். பிள்ளைகளுக்கு என்னிடம் மருந்தில்லை. நாங்கள் விடிகாலை ஐந்தரைக்குக் கிளம்பிவிடுகிறோம். அந்த நேரத்தில் சாலையில் ஆள் குறைவு, காற்றும் பெரும்பாலும் பகலைவிட அடங்கியிருக்கும், பிள்ளைகள் வழியிலுள்ள ஹண்ட்ஸ்வில் ஊர் வரை தூங்கிக்கொண்டே வருவார்கள். புளிசாதம் ஒன்பது மணிக்கு.